எனக்குப் பதில் ஒரு மாத்தாள்

முதுகெலும்பில் டி.பி. என்று டாக்டர் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குத் தெரிந்த டி.பி. இருமும், ரத்தம் துப்பும். நான் ஒரு தடவைகூட இருமியதில்லை. "இருமலே இல்லீங்களே, அப்பறம் எப்படிங்க டி.பி.?" என்று கேட்டேன். நுரையீரலுக்கு மட்டும்தான் வரும் என்று சட்டமா இருக்கிறது, எலும்புக்கும் வரும் என்றார். சின்ன வயதுப் பெண் டாக்டர், நாள் முழுக்க நின்றே பேசிப் பேசித் தொண்டை கட்டியிருந்தது. அவர் சொன்னது சரிதான். அன்றைக்கு என் இடுப்புக்குக் கீழே என்ன நடந்தாலும் எனக்குத் தெரியாத நிலைமை.

இதை இரண்டு பேருக்காக எழுதுகிறேன். எங்கள் மலையில் பல ஊர் சேர்ந்தது ஒரு நாடு, எங்கள் தேவனூர் நாட்டில் முதுகுவலி இல்லாத பெண்ணைப் பார்ப்பது கஷ்டம். அதில் யாருக்காவது என்னுடைய வலி இருந்தால், நான் விட்ட மாதிரி விட்டுவிடக் கூடாது. இன்னொருவர் கீழே மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு படுத்த படுக்கையானவர்களுக்குத் திட்டம் போடுகிற புண்ணியவான். அவர் படிப்பாரோ மாட்டாரோ, எனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது.

என் வீட்டுக்காரர் இறந்த பிறகு எங்கள் காட்டை நான்தான் பார்த்துவந்தேன். கொஞ்சம் சாமை, கொஞ்சம் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி, சவுக்கு மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக்கொடி. கிழங்கு மூட்டையை லாரி நிற்கிற இடம் வரைக்கும் தலையில் சுமந்தால் முதுகு வலிக்கத்தான் செய்யும் என்று நினைத்தேன். ஆனால் இந்த வலி சுமையை இறக்கிய பிறகும் இறங்கவில்லை. தோள்பட்டைகளுக்கு நடுவே ஒரே இடத்தில் குத்திக்கொண்டு நின்றது. சாயங்காலமானால் காய்ச்சல் அடித்தது. ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆனது. எண்ணெய் போட்டு நீவினேன், மருந்துக்கடை மாத்திரையை வாங்கி விழுங்கினேன், பேருந்துக்கூலியை மிச்சம் பிடித்ததாக நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் காட்டுக்குப் போகும்போது பின்னால் வந்த சின்னப்பொண்ணு என் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் பக்கத்து வீடு, எனக்கு ஒன்றுவிட்ட நாத்தனார், என்னை முறைவைத்து நங்கை என்றுதான் கூப்பிடுவாள்.

"ஏன் நங்கை, செருப்பு கழண்டு உழுந்தது கூடவா தெரியாது?"

தெரியவில்லை. வெறுங்காலில் சரளைக்கல்மேல் நடந்திருக்கிறேன், பாதம் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கே கிளம்பியிருக்க வேண்டும். களையெடுப்பு முடியட்டும் என்று இருந்தேன். களையெடுப்பு முடிவதற்குள் கால்கள் முடிந்துவிட்டன, வரப்பில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

என்னை ஜீப்பில் நீட்டிப் படுக்கவைத்துக் கீழே கொண்டுபோனார்கள். கொண்டை ஊசி வளைவுகளை ஆயுசில் எத்தனையோ தடவை பேருந்தில் இறங்கியிருக்கிறேன், அன்றைக்குத்தான் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு திருப்பத்திலும் சின்னப்பொண்ணு என் தோளை அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டுநரைத் திட்டினாள். அந்த மனிதர் பாவம், ஆமை வேகத்தில்தான் ஓட்டினார்.

பெரிய ஆஸ்பத்திரியில் முதலில் எக்ஸ்ரே எடுத்தார்கள். பிறகு ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் நிறுத்திவைத்துப் பார்த்தார்கள். உடம்புக்குள் நோய் எரிந்துகொண்டிருந்தால் ரத்தத்தின் சிவப்பு சீக்கிரமாக அடியில் தங்குமாம், எனக்குத் தங்கியது. அதற்கு மேல் ஸ்கேன் வேண்டும் என்றார்கள். அதற்கு வெளியே போக வேண்டும், பணம் கட்ட வேண்டும். என் கொடியிலேயே பச்சையாக நின்ற மிளகை வியாபாரியிடம் பேசி விற்றுவிட்டுச் சின்னப்பொண்ணின் வீட்டுக்காரர் வந்தார். வியாபாரி கேட்ட விலைக்குத்தான் கொடுத்திருப்பார்.

ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் காட்டி டாக்டரம்மா விளக்கினார். முதுகெலும்பு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எலும்பு. அதன் நடுவே மூளையிலிருந்து கால்வரைக்கும் சேதி கொண்டுபோகிற நரம்புக் கயிறு ஓடுகிறது. டி.பி. கிருமி எனக்கு இரண்டு எலும்பை அரித்து நொறுக்கிவிட்டது. அங்கே கட்டிய சீழ் அந்தக் கயிற்றை நெரிக்கிறது. அறுவை செய்து சீழை எடுப்பார்கள், மாத்திரையைப் பல மாதம் விடாமல் சாப்பிட வேண்டும்.

"நடப்பனுங்களா?"

"கொஞ்சம் திரும்பலாம். முழுசாத் திரும்பும்னு நான் பொய் சொல்ல மாட்டேன்."

இந்தப் பதிலுக்காக இன்றுவரைக்கும் அவரை நினைத்துக்கொள்கிறேன். மற்றவர்கள் எல்லோரும் கடவுள்மேல் பாரத்தைப் போடச் சொன்னார்கள்.

அறுவைக்குப் பிறகு மாத்திரை ஆரம்பித்தார்கள். சிறுநீர் போவதற்குக் குழாய் வைத்திருந்தார்கள், பக்கத்தில் பை தொங்கும். மறுநாள் அந்தப் பையில் செக்கச்செவேல் என்று இறங்கியதைப் பார்த்து எதிர்க்கட்டில் அம்மா கூச்சல் போட, வார்டே என்னைச் சுற்றி நின்றது. அது மாத்திரையின் நிறம். முன்கூட்டி யாரும் சொல்லவில்லை. இந்த மருந்து சாப்பிடுகிறவர்கள் சிவப்பைப் பார்த்துப் பயந்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், அது ரத்தமில்லை.

அங்கே எனக்குப் பெரிய எதிரி டி.பி. இல்லை, படுக்கைப்புண். உணர்ச்சி இல்லாத உடம்பு ஒரே பக்கமாகக் கிடந்தால் தோல் அழுகிவிடும், அழுகுவதும் தெரியாது. அதனால் விடாமல் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். நர்சுகள் எத்தனை பேரைப் புரட்டுவார்கள்? கூட ஓர் ஆள் வேண்டும். எங்கள் ஊர்ப் பெண்கள் முறைவைத்துக்கொண்டு மலையிலிருந்து இறங்கி வந்தார்கள். ஒருத்தி போவதற்குள் அடுத்தவள் தூக்குப்போசியில் ராகிக்களியோடு வந்து நிற்பாள்.

"உனக்கு எத்தனை தங்கச்சிம்மா?" என்று நர்சு கேட்டார்.

"தங்கச்சி ஒருத்தியும் இல்லீங்க. இவங்கெல்லாம் எனக்கு மாத்தாளு வந்துருக்காங்க."

அவருக்குப் புரியவில்லை. எங்கள் மலையில் கூலிக்கு ஆள் வைத்துப் பயிர் செய்கிற வசதி முக்கால்வாசிப் பேருக்கு இல்லை. இன்றைக்கு நீ என் காட்டில் களையெடுத்தால், உன் காட்டில் களை வரும்போது நான் வந்து நிற்க வேண்டும். பணம் கிடையாது, ஆளுக்கு ஆள். அதற்குப் பெயர் மாத்தாள். திருப்பிப் போகாதவளை யாரும் ஏச மாட்டார்கள், அடுத்த நடவுக்குக் கூப்பிடமாட்டார்கள். அதைவிடப் பெரிய தண்டனை எங்களுக்கு இல்லை.

வீட்டுக்கு அனுப்புகிற சமயத்தில் ஓர் அலுவலர் கட்டிலருகில் வந்து உட்கார்ந்தார். என்னைப் போன்றவர்களுக்குக் கீழே ஓர் இல்லம் இருக்கிறது, அரசாங்கமே கட்டில் தரும், சோறு போடும், புரட்டிவிட ஆள் வைத்திருக்கிறது, செலவு ஒன்றும் இல்லை என்றார்.

"அதையே எங்க ஊட்டுல இருந்தாத் தருவாங்களா?"

"வீட்டுக்கெல்லாம் தர மாட்டாங்கம்மா. வீட்ல உறவுக்காரங்க பாத்துக்கணும்."

எனக்கு முதலில் கோபம் வந்தது அப்போதுதான். நோய்மேல் வரவில்லை, இதன்மேல் வந்தது. நான் என் ஊரை விட்டு, என் மகளை விட்டு, தெரியாத ஊரில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்தால் சாகும்வரைக்கும் செலவழிக்க அரசாங்கத்திடம் பணம் இருக்கிறது. என் வீட்டில் படுத்தால் ஒரு சல்லி இல்லை. கட்டடத்துக்குச் சம்பளம் உண்டு, கைக்கு இல்லை. இதை யார் உட்கார்ந்து யோசித்தார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

மகள் செல்வி அப்போது உண்டு உறைவிடப் பள்ளியில் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். நான் வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"நான் நின்னுக்கறம்மா. உன்னைய யாரு பாப்பாங்க?"

"பெட்டியப் பிரிச்சீன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும் கண்ணு. திரும்பிப் போ."

அவள் அழுதாள். நானும் அழுதேன், ஆனால் அவள் பேருந்து ஏறிய பிறகு. ஊரில் நாலு பேர், "பொட்டப்புள்ளைதான, அம்மாளப் பாத்துக்கட்டும், படிச்சு என்ன பண்ணப் போவுது?" என்று நல்ல மனசோடுதான் சொன்னார்கள். என் பீயை அள்ளுவதற்கு நான் பெண் பெறவில்லை. ஒன்று நான் இல்லத்துக்குப் போக வேண்டும், இல்லையென்றால் இவள் படிப்பை விட வேண்டும் என்று எனக்கு முன்னால் இரண்டே வழியை வைத்தார்கள். இரண்டுமே வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

பெண்கள் வழக்கம்போல முறைவைத்து வந்தார்கள். காலையில் ஒருத்தி குளிப்பாட்டிக் குழாயைச் சுத்தம் செய்வாள், மத்தியானம் இன்னொருத்தி புரட்டுவாள், சாயங்காலம் சின்னப்பொண்ணு. நடவும் களையெடுப்பும் சேர்ந்து வந்த மாதத்தில்தான் எனக்கு உறைத்தது. ஒரு நாள் என்னை வாசலில் கட்டிலோடு தூக்கிப் போட்டிருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் சின்னப்பொண்ணின் காடு தெரியும். எல்லாருடைய சாமையும் சுத்தமாக நிற்க, அவள் காட்டில் மட்டும் களை பயிரை மூடிக்கொண்டு நின்றது. அவள் களையெடுக்க வேண்டிய பொழுதெல்லாம் என் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உன் காடு என்ன கதின்னு பாத்தியா?"

"அது கெடக்குது நங்கை. நீ அக்கட்ட திரும்பு."

அவள் ஒரு சொல் குத்தலாகச் சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். எத்தனை பேரிடம் வாங்கிக்கொண்டே இருப்பது? திருப்பிப் போக எனக்குக் கால் இல்லை. இப்படியே போனால் ஒருத்தியும் குறை சொல்ல மாட்டாள், ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் சாமை குறையும். அன்றைக்குத்தான் உதவித்தொகைக்கு மனு எழுதினேன். பத்தாவது வரைக்கும் படித்த கை, எழுத்து நன்றாகவே இருந்தது.

மனுவை விசாரிக்க ஒரு வருவாய் ஆய்வாளர் மலையேறி வந்தார். பேருந்து இறங்கி ஒற்றையடிப் பாதையில் நடந்து வேர்த்து விறுவிறுத்துப்போயிருந்தார். எங்கள் காப்பியைப் போட்டுக் கொடுத்தோம். குடித்துவிட்டுக் கேட்டார்.

"உன்னப் பாத்துக்க யாராச்சும் இருக்காங்களாம்மா?"

வந்த மனிதரிடம் 'எனக்கு யாருமில்லை' என்று சொல்வது எங்கள் பக்கம் வாயில் வரக்கூடாத வார்த்தை. சொன்னால் ஊரையே செத்துப்போனது என்று சொன்ன மாதிரி. சின்னப்பொண்ணு வேறு பக்கத்தில் நின்றாள். நான் நிமிர்ந்து படுத்துக்கொண்டு, "ஆளுக்கென்னங்க பஞ்சம்? ஊரே வருதுங்க" என்றேன்.

அவர் தலையாட்டிக்கொண்டே எழுதினார். கொஞ்ச நாள் கழித்துப் பதில் வந்தது. கவனிப்பதற்கு ஆட்கள் இருப்பதால் நான் ஆதரவற்றவள் இல்லையாம், மனு தள்ளுபடி. அவர்மேல் தப்பில்லை. நான் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறார்.

ஊரில் எல்லோரும் என்னைத் திட்டினார்கள். "ஏன் நங்கை, நாதியில்லீங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் முத்தா உதுந்துரும்?" என்று கேட்டாள் சின்னப்பொண்ணு. அவளாலும் அந்த வார்த்தையைச் சொல்ல முடிந்திருக்காது. அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

மாவட்டம் புதிதாகப் பிரிந்த சமயம் அது. மனு வாங்குகிற நாளில் என்னை நாற்காலியோடு கட்டித் தூக்கி ஜீப்பில் ஏற்றினார்கள். மலைக்குக் கீழே கலெக்டர் அலுவலகத்தில் ஏறுவதற்குப் படிதான் இருந்தது. ஊனமுற்றவர்கள் மனு கொடுக்கிற இடம் மாடியில். நான்கு பெண்கள் என்னை நாற்காலியோடு மாடிக்குத் தூக்கினார்கள், நடுவில் ஒரு தடவை இறக்கிவைத்து மூச்சு வாங்கினார்கள். அங்கிருந்த எழுத்தர் நல்ல மனிதர், ரகசியமாக வழி சொன்னார்.

"ஆதரவற்றவள்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடும்மா. முடிஞ்சிடும்."

"அப்படி எழுதுனா என்னையத் தூக்கிட்டு வந்த இவங்கெல்லாம் யாருங்க? பேயா, பிசாசா?"

சத்தமாகக் கேட்டுவிட்டேன் போல. உள்ளே இருந்த பெண் அதிகாரி எட்டிப் பார்த்துக் கூப்பிட்டார். ஒடிசலான உருவம், களைத்த கண். என்ன பிரச்சினை என்று கேட்டார். அவர் முன்னால் பேச எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்குப் பேசாவிட்டால் செல்வியின் பெட்டி மறுபடி என் வாசலுக்கு வந்துவிடும் என்கிற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"அம்மா, இவங்க எனக்கு மாத்தாளு வர்றாங்க. இவங்க வந்தா நான் திருப்பிப் போவோணும். அதுதான் எங்க மலை முறை. எனக்குக் கால் இல்லீங்க, போவ முடியாது. எனக்குப் பதுலா அவங்க காட்டுக்கு ஒரு ஆளு போவோணும். அந்த ஆளக் கவர்மெண்டு குடுக்கட்டும். நான் பிச்சை கேக்கலீங்க, மாத்தாளு கேக்கறன்."

"அதுக்குப் பணம் ஒதுக்கத் தனியா கணக்குத் தலைப்பு கிடையாதேம்மா."

"கீழ இல்லத்துல படுத்தாத் தலைப்பு இருக்குது. மேல எங்க ஊட்டுல படுத்தா இல்லீங்களா? ஒடம்பு அதே ஒடம்புதானுங்க. இல்லத்துல எனக்கு ஆவற செலவுல பாதி குடுங்க. மீதிய நீங்களே வெச்சுக்குங்க."

எழுத்தர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். அதிகாரி சிரிக்கவில்லை. மாத்தாள் என்றால் என்ன என்று திரும்பக் கேட்டார், சின்னப்பொண்ணைக் கேட்டார், அவள் காட்டுக் களையைப் பற்றியும் கேட்டார். பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டார் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அதற்குப் பிறகு பல தடவை இறங்கி ஏறினோம். டாக்டரம்மா கொடுத்த சான்றிதழை வைத்து, ஆதரவு இருக்கிறதா இல்லையா என்கிற கேள்வியே வராத வேறொரு பிரிவில், உடம்பு மோசமானவர்களுக்கான பராமரிப்பு உதவியாக மாதாமாதம் ஒரு தொகைக்கு உத்தரவு போட்டார்கள். இல்லத்துச் செலவில் பாதி இல்லை, கால்வாசிகூட இல்லை. பார்த்துக்கொள்கிறவருக்குத் தனியாகத் தர இன்றைய தேதிவரைக்கும் வழி இல்லை. "இது உங்க பணம். எப்படிச் செலவு பண்ணணும்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார் அதிகாரி. இதுவே எனக்குப் போதும் என்று நான் சொல்லவில்லை. போதாது என்று அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

கூடவே ஒரு விழாவில் மூன்று சக்கர வண்டி கொடுத்தார்கள். மாலைகூடப் போட்டார்கள். எங்கள் வீட்டு முன்னால் கையை விட்டால் அந்த வண்டி சரிவில் உருண்டு நேராக வாசலூர்பட்டி ஏரியில் போய்த்தான் நிற்கும். சமதளத்தைத் தவிர வேறு பூமியே பார்க்காதவர்கள் செய்த வண்டி அது. இப்போது அதன்மேல் கோழி அடைகிறது.

மருந்து முடிந்தது. வலது காலில் கொஞ்சம் உயிர் திரும்பியது. காலுக்கு இரும்புப் பட்டை மாட்டிக்கொண்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் அடுப்புவரைக்கும் போவேன். குழாயை எடுத்துவிட்டார்கள். குளிக்க, வெளியே போக, பள்ளத்தில் இறங்க இன்னமும் ஆள் வேண்டும். அது சாகும்வரைக்கும் வேண்டும். நோய் போய்விட்டது, தேவை போகவில்லை. இந்த இரண்டும் வேறுவேறு என்பது திட்டம் போடுகிறவர்களுக்கு ஏனோ புரிவதில்லை, குணமானவர்கள் பட்டியலில் என்னைச் சேர்த்துவிட்டார்கள்.

தொகை வந்ததும் பெரக்கரை நாட்டுப் பக்கமிருந்து ஒரு பெண்ணைக் கூலிக்குப் பேசினேன். பெயர் வெள்ளையம்மா. என்னைப் பார்ப்பதற்கு இல்லை. என்னைச் சின்னப்பொண்ணு பார்க்கிற நாளில் அவள் சின்னப்பொண்ணின் காட்டில் களையெடுப்பாள், மற்றவள் வருகிற நாளில் மற்றவளின் காட்டுக்குப் போவாள். முதல் நாள் அவள் களைக்கொத்தோடு சின்னப்பொண்ணின் காட்டில் இறங்கியதை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் கால் விரல் முதன்முதலாக அசைந்த அன்றைக்குக்கூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை. சாயங்காலம் சின்னப்பொண்ணு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். செல்வி பத்தாவது முடித்தாள், மேலேயும் படிக்கிறாள்.

உதவித்தொகைக்காக வருஷத்துக்கொரு தடவை நான் உயிரோடு இருக்கிறேனா என்று பார்க்க அலுவலகத்திலிருந்து யாராவது வருவார்கள். இந்த வருஷம் வந்தவர் புது ஆள், இளவயது. காப்பி குடித்துவிட்டு அதே கேள்வியைக் கேட்டார்.

"உங்கள யாரும்மா பாத்துக்கறாங்க?"

"ஊரே பாக்குதுங்க. கவர்மெண்டும் மாத்தாளு வருது."

"கவர்மெண்டா? எங்கம்மா?"

நான் சின்னப்பொண்ணின் காட்டைக் கைகாட்டினேன். முழங்கால் உயரத்துக்குக் களை நின்றது, ஆள் யாரும் இல்லை. அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"அங்க யாருமே இல்லையே."

"அதத்தானுங்க நானும் சொல்றன். மூணு மாசமாப் பணம் வரலீங்க, வெள்ளையம்மாளும் வரல. உங்க கவர்மெண்டு மாத்தாளுக்குத் திரும்பி வர்றதில்லீங்க சாமி. போயிச் சொல்லுங்க. இப்படி ஏமாத்துனா அடுத்த நடவுக்கு எங்க மலையில அத யாரும் கூப்புட மாட்டாங்க."